ஐப்பசியில் விமானம் ஏறாதீர்கள்: மொரீசியஸில் இருந்து வேலை பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி காரைக்குடியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். ஜெர்மனியில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தில் மென்பொருள் வேலை பார்க்கிறார், மொரீசியஸ் விசா கைக்கு வந்துவிட்டது, மடிக்கணினியை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. பட்டாலையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே, "டிக்கெட் போட்டாச்சுண்ணே, ஐப்பசி பொறந்ததும் கெளம்புறேன்" என்றார். எனக்குப் பக்கென்றது. இந்த வருடத்தில் மட்டும் இதையே என்னிடம் சொன்ன மூன்றாவது ஆள் அவர். 2022-இல் நானும் இப்படித்தான் அக்டோபர் வரை காத்திருந்து கிளம்பினேன், இரண்டரை வருடம் அங்கிருந்து வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன், அந்த ஒரு முடிவின் வலி இன்னும் போகவில்லை.

பாஸ்போர்ட் தேதியைப் பாருங்கள், தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாமல் பணத்தை விடுகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

சுற்றுலா வந்ததாகச் சொல்லிவிட்டு வேலை பார்ப்பது

இந்தியர்களுக்கு மொரீசியஸ் போக முன்கூட்டி விசா வேண்டாம், அங்கே இறங்கியதும் சுற்றுலாப் பயணியாகத் தங்க அனுமதிப்பார்கள். அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இதற்கென்றே 2020-இல் பிரீமியம் விசா என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஒரு வருடம் தங்கலாம், நீட்டித்துக்கொள்ளலாம். மாதம் 1500 டாலராவது வருமானம் காட்ட வேண்டும், அந்த வருமானம் தீவுக்கு வெளியிலிருந்து வர வேண்டும், உள்ளூரில் யாரிடமும் வேலைக்குச் சேரக் கூடாது. நான் விண்ணப்பித்தபோது கட்டணம்கூட இல்லை. இதை எடுக்காமல் போவதற்குக் காரணமே கிடையாது, அதோடு இந்த விசாவால் நம் ஊர் வரிக் கணக்கிலும் ஒரு பயன் இருக்கிறது, அது கீழே வரும்.

ஆயுத பூஜை முடியட்டும் என்று காத்திருப்பது

நம் வீடுகளில் கிளம்பும் நாளை எப்படிக் குறிக்கிறார்கள் என்று பாருங்கள். ஆடியில் எதுவும் தொடங்கக் கூடாது. ஆவணியில் யாராவது ஒரு பங்காளி வீட்டுக் கல்யாணம் இருக்கும், இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்வார்கள். புரட்டாசியில் புது வீட்டில் பால் காய்ச்சக் கூடாது. அப்புறம் சரஸ்வதி பூஜை, ஆயுத பூஜை, கணினிக்குச் சந்தனம் வைத்துவிட்டுக் கிளம்பலாமே என்று தோன்றும். ஆக, தானாகவே அக்டோபருக்கு வந்து நிற்போம். நம் பஞ்சாங்கம் காட்டும் அந்த அக்டோபர்தான் வருமான வரிக் கணக்கில் மிக மோசமான மாதம்.

ஏன் என்று சொல்கிறேன். இந்திய வரி ஆண்டு ஏப்ரல் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடிகிறது. அந்த ஆண்டில் 182 நாளோ அதற்கு மேலோ நீங்கள் இந்தியாவில் இருந்திருந்தால், அந்த ஆண்டு முழுவதற்கும் நீங்கள் இங்கே வசிப்பவர்தான். வசிப்பவர் என்றால் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே கணக்குக் காட்டி வரி கட்ட வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் கடைசி வரை எண்ணிப் பாருங்கள், 183 நாள் வருகிறது. அதாவது அக்டோபர் பிறக்கும் முன்பே உங்கள் கணக்கு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஆறு மாதம் கடல் கடந்து உட்கார்ந்து சம்பாதித்தாலும், காரைக்குடியில் உட்கார்ந்து சம்பாதித்த மாதிரிதான்.

நான் 2022 அக்டோபர் 7 அன்று சென்னையில் விமானம் ஏறினேன். அக்டோபர் 4 ஆயுத பூஜை, மறுநாள் விஜயதசமி, அதற்கப்புறம் ஒரு நல்ல நேரம். எண்ணினால் 190 நாள். கிளம்பும் நாளையும் சேர்த்து எண்ணினால்கூட, செப்டம்பர் 28-இல் ஏறியிருந்தால் 181-இல் நின்றிருக்கும். ஒன்பது நாள்தான். அந்த ஒன்பது நாளுக்காக அடுத்த ஆறு மாத வருமானம் முழுவதும் இங்கே வரிக்குள் வந்துவிட்டது. அந்தப் பக்கம் மொரீசியஸும் என்னை அங்கே வசிப்பவராகத்தான் கணக்கில் எடுத்தது, ஏனென்றால் அவர்களுடைய வருமான ஆண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை, அதில் 183 நாள் இருந்தாலே போதும். அங்குள்ள கணக்குக்கு வந்த சம்பளத்துக்கு அங்கேயும் வரி. இரு நாட்டுக்கும் இடையே இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது, 1982-இல் கையெழுத்தானது. அதன்படி அங்கே கட்டியதை இங்கே கழித்துக்கொண்ட பிறகும் என் கையிலிருந்து போனது இரண்டு லட்சத்துக்கு மேல். முன்கூட்டியே தவணையாகக் கட்டாததற்கு மாதம் ஒரு சதவீத வட்டி வேறு. ஜூலை மாதம் ஆடிட்டர் முன்னால் உட்கார்ந்தபோதுதான் எனக்கு இது தெரியும். அவர் என் பாஸ்போர்ட்டை வாங்கிப் புறப்பாட்டு முத்திரையைப் பார்த்துவிட்டு, "ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கெளம்பியிருக்கலாமே தம்பி" என்று மட்டும் சொன்னார்.

கேட்கவில்லை. எங்கள் வீட்டில் கடல் தாண்டுவது புதிதும் இல்லை. அப்பச்சியின், அதாவது அப்பாவின், ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்க, போனவர், ரங்கூனில் ஒரு கடையில் மேலாளுக்கு அடுத்த நிலையில், அடுத்தாளாக இருந்தவர். அவருடைய குறிப்பு நோட்டு ஒன்று இன்னும் இரண்டாங்கட்டு அறைப் பெட்டியில் இருக்கிறது. நீளவாக்கில் மடித்துத் தைத்த பழுப்புத் தாள், ஓரமெல்லாம் பூச்சி அரித்தது. முதல் பக்கத்திலேயே கப்பல் ஏறிய நாள், இறங்கிய நாள், கடையில் பேரெழுதிய நாள் என்று மூன்று வரி. அந்தக் காலத்தில் மூன்று வருடத்துக்கு ஒரு கணக்கு என்று சம்பளம் பேசுவார்கள், நாள் பிசகினால் சம்பளம் பிசகும். அதனால் எதற்கு முன்னாலும் நாளைத்தான் எழுதினார்கள். அந்த நோட்டை நான் சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை புரட்டியிருக்கிறேன், அது எதற்காக எழுதப்பட்டது என்று வரி கட்டிய பிறகுதான் புரிந்தது.

சரி, என்ன செய்ய வேண்டும்? ஆவணியிலேயே கிளம்புங்கள். ஆவணியைக் குறை சொல்ல எந்த வீட்டிலும் ஆள் இருக்காது, பால் காய்ச்சவும் நல்ல மாதம். வேலைக்காகத்தான் நாட்டை விட்டுக் கிளம்புகிறீர்கள் என்பதற்கு ஒப்பந்தமும் பிரீமியம் விசாவும் கையில் இருக்கட்டும், ஏனென்றால் வேலைக்காகக் கிளம்புகிற இந்தியருக்குத்தான் அந்த ஆண்டில் இந்த 182 நாள் கணக்கு. மற்றபடி போகிறவர்களுக்கு 60 நாளிலேயே மாட்டுகிற இன்னொரு விதி இருக்கிறது. ஒரு நோட்டுப் போட்டு ஒவ்வொரு வருகையையும் எழுதுங்கள். அங்கே தங்கிவிட்டு ஊருக்கு வந்துபோகிறவருக்கு இங்கே வாடகை, பங்கு என்று 15 லட்சத்துக்கு மேல் வருமானம் இருந்தால் 182 என்பது 120 ஆகச் சுருங்கும். பிள்ளையார் நோன்புக்கு ஒரு தடவை, தம்பி கல்யாணத்துக்கு ஒரு தடவை, கும்பாபிஷேகத்துக்கு ஒரு தடவை என்று வந்துபோகிறவர்களுக்கு அது பெரிய எண் இல்லை.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறையும் நான் செய்தேன். இரண்டாவது வருடம் நான் வெளிநாட்டில் வசிப்பவன் என்று ஆகிவிட்டது, நிம்மதியாக இருந்தேன். ஊரில் பழைய வீட்டுக்கு ஓடு மாற்றும் வேலை நடந்தது, கொத்தனாருக்குக் கூலி கொடுக்க வசதியாக இருக்கட்டும் என்று மூன்று மாதச் சம்பளத்தை நேராகக் காரைக்குடி வங்கிக் கணக்குக்கே அனுப்பச் சொல்லிவிட்டேன். வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தாலும், பணம் முதன்முதலில் கைக்கு வருவது இந்தியாவில் என்றால் அது இங்கே வரிக்குரிய வருமானம். அந்த மூன்று மாதமும் போனது. முதலில் வெளிநாட்டுக் கணக்கில் வாங்கி, அங்கிருந்து என்.ஆர்.இ. கணக்குக்கு (வெளிநாட்டில் வசிப்பவர் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை இங்கே போட்டுவைக்கும் கணக்கு) அனுப்பியிருந்தால் இந்தப் பேச்சே இல்லை. பழைய சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவர் உள்ளூர் வருமானத்தை வைத்துக்கொள்ளும் என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றவும் வேண்டும், அதையும் யாரும் செய்வதில்லை. சென்னைக் கம்பெனியில் வேலை, சம்பளம் இங்கேதான் விழும் என்கிறவர்கள் தீவுக்குப் போவதால் வரி குறையும் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். கடலைப் பார்க்கப் போங்கள், அது நல்ல காரணம்.

இதைப் படித்துவிட்டு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். டிக்கெட் போடும் முன் ஆடிட்டரைப் பாருங்கள். போட்ட பிறகு இல்லை.

புகைப்படம் பார்த்துக் கடலோர வீடு பிடிப்பது

ஜன்னலைத் திறந்தால் கடல் என்று படத்தைக் காட்டி, ஒரு வருட வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். மேற்குக் கரையில் அப்படி ஒரு வீட்டில் நான் ஆறு மாதம் இருந்தேன். நான்காவது மாதம் சார்ஜர் செருகும் போதெல்லாம் இணைப்பு விட்டுவிட்டு வந்தது, டார்ச் அடித்துப் பார்த்தால் துளைக்குள் ஊசிமுனை அளவுக்குப் பச்சையாகப் பூத்திருந்தது. உப்புக் காற்று. நம் ஊர் வறண்ட காற்றில் ஐந்து வருடம் உழைத்த மடிக்கணினி அது. கடலோரம்தான் வேண்டும் என்றால் இரவில் கணினியை மூடிய டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு வையுங்கள்.

அப்புறம் குவாத்ர் போர்ன் பக்கம் மாறினேன். தீவின் நடுவே மேட்டுப் பகுதி, பேருந்து வசதி, காய்கறிச் சந்தை, கோயில் எல்லாம் கிட்டத்தில். கடலுக்குப் பேருந்தில் போய்வரலாம். இன்னும் மேலே கியூர்பிப் போனால் குளிரும் மழையும் அதிகம், துணி காயாது. தென் அரைக்கோளம் என்பதால் நமக்குக் கத்திரி வெயில் தகிக்கும்போது அங்கே குளிர்காலம் தொடங்குகிறது, இதையும் மறந்துவிட்டு ஒரு கம்பளிகூட இல்லாமல் வருகிறார்கள். முதல் மாதம் வாடகை அறையில் இருந்துகொண்டு, நேரில் நடந்து பார்த்து வீடு பிடியுங்கள்.

புயலைச் செய்தியாக நினைப்பது

நவம்பரிலிருந்து ஏப்ரல், மே வரை புயல் பருவம். எச்சரிக்கையை ஒன்று முதல் நான்கு வரை வகுப்பாகச் சொல்வார்கள். மூன்று ஏறிவிட்டால் கடை, பேருந்து, அலுவலகம் எல்லாம் நின்றுவிடும், நீங்கள் வீட்டுக்குள்தான். 2023 பிப்ரவரியில் பிரெடி புயல் வடக்கே ஒதுங்கிப் போனது, 2024 ஜனவரியில் பெலால் வந்தபோது தலைநகர் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தன. நான் அன்று வீட்டில் பத்திரமாக இருந்தேன், ஆனால் மின்சாரம் இல்லை, அன்று மாலை ஒரு வேலையை ஒப்படைக்க வேண்டியிருந்தது. முதல் எச்சரிக்கை வந்ததுமே வாடிக்கையாளருக்கு எழுதிவிடுங்கள், அவர்களுக்கு வானிலை தெரியாது. சின்ன யு.பி.எஸ். ஒன்றும், வேறொரு நிறுவனத்தின் சிம் ஒன்றும் எப்போதும் இருக்கட்டும். தீவில் ஃபைபர் இணைப்பு நன்றாகவே இருக்கிறது, இணையக் கடலடிக் கம்பிகளில் ஒன்று கொச்சி வழியாகத்தான் போகிறது. வீட்டுக்கு வரும் இணைப்பு அறுந்தால் அதெல்லாம் உதவாது.

அமெரிக்க வாடிக்கையாளர்

இரவு வேலைதான். தீவு மாற்றாது.

காப்பீடு

எடுங்கள். விசாவுக்கே கேட்பார்கள்.

தமிழ் போதும் என்று நினைப்பது

மொரீசியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது, தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை விடுகிறார்கள், காவடி பார்த்தால் பழனிப் பாதையில் நிற்பது போலவே இருக்கும். அதனால் பேச்சுக்குக் கஷ்டமில்லை என்று போகிறார்கள். தமிழ்ப் பெயரும் நெற்றியில் திருநீறுமாக இருந்த ஒரு காய்கறிக்கார அம்மாவிடம் நான் முதல் வாரம் தமிழில் பேசினேன். அவர் சிரித்துக்கொண்டே தீவின் பேச்சு மொழியான கிரியோலில் பதில் சொன்னார், எனக்கு ஒரு சொல் புரியவில்லை. அவர்கள் முன்னோர் போய்த் தலைமுறைகள் ஆகின்றன, வழிபாட்டில் தமிழ் இருக்கிறது, வீட்டுப் பேச்சு கிரியோல். கோயிலில் தேவாரத்தை அவர்கள் நம்மைவிட அக்கறையாகப் பாடுவதைக் கேட்டிருக்கிறேன். அவர்களைப் பார்த்து "தமிழ் தெரியாதா?" என்று கேட்டுவிடாதீர்கள், மனது நோகும். நீங்கள் நாலு வார்த்தை கிரியோல் கற்றுக்கொள்ளுங்கள். மூன்றாவது மாதம் அந்த அம்மா எனக்கு முருங்கைக்கீரை எடுத்துவைக்கத் தொடங்கினார், நான் அவரிடம் கேட்டது கிரியோலில்தான்.

தேவகோட்டைத் தம்பி நேற்று கூப்பிட்டார். "புரட்டாசியில பால் காய்ச்சக் கூடாதுன்னு ஆத்தா சொன்னாக, அதனால ஆவணி கடைசி முகூர்த்தத்துக்கே டிக்கெட்ட மாத்திட்டேண்ணே" என்றார். மாற்றுக் கட்டணம் ஆறாயிரம் ஆனதாம். ஆடிட்டரிடம் திங்கட்கிழமை நேரம் வாங்கியிருக்கிறார், நானும் கூடப் போகிறேன்.