மனம் கனக்கும் நாட்களில் கலையை நாடுவது எப்படி?

வீட்டில் ஒரு சாவு நேர்ந்தாலும், இருந்த வேலை போனாலும், வருகிறவர்கள் எல்லாரும் சொல்லும் முதல் யோசனை, மனத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள் என்பதுதான். அந்த யோசனையில் எனக்கு நம்பிக்கை குறைவு. துயரத்தை மறக்கடிக்கும் கலை அன்றைய பொழுதுக்கு உதவும். துயரத்துக்கே இடம் கொடுக்கும் கலைதான் மறுநாளும் துணைக்கு வரும். சேலம் வட்டாரத்தில் வசிப்பவர்கள் அதைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் நகரிலிருந்து 30 கி.மீ.க்குள் இருக்கிறது, பேருந்திலேயே போய் வரலாம். இப்பகுதியை ஆண்ட குறுநில மன்னர்களான கெட்டி முதலிகள் எழுப்பிய அந்தக் கோயிலில் கல்சங்கிலி, யாளியின் வாய்க்குள் உருளும் கல்பந்து என்று வியக்க ஏராளம் உண்டு. ஆனால் மனம் சோர்ந்திருக்கும்போது அத்தனையையும் பார்த்துவிட முயல வேண்டாம். ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். வாலி வதம் செதுக்கப்பட்ட தூண்களை நான் பரிந்துரைப்பேன். இராமன் இருக்கும் தூணருகே நின்றால், வாலியும் சுக்ரீவனும் பொருதுவது தெரியும். வாலி இருக்கும் இடத்துக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் இராமன் தென்பட மாட்டான். இரண்டு இடங்களிலும் மாறி மாறி, அவசரமில்லாமல் நின்று பாருங்கள். அடி எந்தத் திசையிலிருந்து விழுந்தது என்றே புரியாமல் இருப்பவருக்கு வாலி நிற்கும் இடம் அந்நியமாகத் தோன்றாது. நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போய்விடுவது நல்லது.

கல்லைவிடத் தெருக்கூத்து இன்னும் நெருக்கமானது. இழவு நேர்ந்த வீட்டில் பதினாறாம் நாள் காரியத்தின்போது, பாரதக் கர்ணனின் மரணத்தைச் சொல்லும் கர்ண மோட்சம் கூத்தை ஆடும் வழக்கம் வட தமிழகத்தில் உண்டு. ஆறுதலுக்காக ஒரு கலையை நாடுவது இங்கே புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றல்ல. அம்மன் திருவிழாக் காலங்களில் ஊர்ச் சுவரொட்டிகளைக் கவனித்து வாருங்கள். டீக்கடையில் விசாரித்தாலும் எங்கே கூத்து என்று சொல்லிவிடுவார்கள். இரவில் தொடங்கி விடியும்வரை நடக்கும் என்பதால், ஒரு போர்வையும், அதிகம் பேசாத ஓர் ஆளும் உடன் இருந்தால் போதும். கைப்பேசியில் படம் பிடிக்க வேண்டாம். இருவர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னாலிருந்து பாட்டு எழும்போது, கீழே சலங்கை கட்டிய கால்கள் மட்டும் தெரியும். திரை விலகுவதற்கு முந்தைய அந்தச் சில நிமிடங்களைத் தவறவிடக் கூடாது. கர்ணனின் மனைவி பொன்னுருவி புலம்பத் தொடங்கினால், உங்களுக்கு அழுகை வந்தாலும் அடக்கிக்கொள்ள வேண்டியதில்லை. அங்கே உங்களை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். துக்கம் உச்சத்தைத் தொடும் நேரத்தில் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் இடையில் புகுந்து ஊர்க்கதை பேசிச் சிரிக்க வைப்பதும் உண்டு. துக்க வீட்டுக்காரர் சிரிக்கலாமா என்ற குற்ற உணர்ச்சியை அப்போது ஒதுக்கி வையுங்கள். கூத்தே கொடுக்கும் அனுமதி அது.

வீடு திரும்பிய பிறகு கைக்கும் ஏதாவது வேலை கொடுங்கள். பார்த்த தூணை நினைவிலிருந்து நோட்டில் வரையலாம், கேட்ட பாட்டின் அடியை முணுமுணுக்கலாம், வாசலில் வழக்கத்தைவிடப் பெரிய கோலமாகப் போடலாம். நன்றாக வர வேண்டும் என்ற கட்டாயம் எதற்கும் இல்லை. வரைவதற்கு ஏற்காட்டுக்குப் போகிறவர்கள், மே மாதக் கோடை விழாக் கூட்டத்தைத் தவிர்த்து, வார நாளில் காபித் தோட்டங்களை ஒட்டிய சாலைகளைத் தேர்ந்துகொள்ளலாம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருப்பதை வரையவே ஒரு காலைப்பொழுது வேண்டும்.

இவையெல்லாம் மருத்துவத்துக்கு மாற்று அல்ல. உறக்கமும் உணவும் வாரக்கணக்கில் கெட்டுப்போனாலோ, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினாலோ, கூத்துக்கும் கோயிலுக்கும் முன்பாக, டெலி மானஸ் என்னும் அரசின் இலவச மனநல உதவி எண்ணான 14416-ஐ அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.