நேர்மையான மரத்தில் நெளியாத கதவு செய்வது எப்படி

பதினான்கு வருடங்களுக்கு முன் நான் செய்து மாட்டிய ஒரு கதவு நான்காவது மாதமே பூட்டவில்லை. போய்ப் பார்த்தேன். பூட்டுப் பக்கத்து நெடுஞ்சட்டம் மேல்முனையில் எட்டு மில்லிமீட்டர் முறுக்கியிருந்தது. இழைத்துச் சரிசெய்யக்கூடிய கோணல் இல்லை அது. கழற்றி எடுத்துவந்து புதிதாகச் செய்து கொடுத்தேன். கைக்காசு போனதைவிட, பல பத்தாண்டுகள் நின்று வளர்ந்த மரத்தை நான்கே மாதத்தில் வீணாக்கிவிட்டேனே என்பதுதான் என்னை வாட்டியது. அதே லாட்டின் மிச்சத் துண்டு பட்டறையில் கிடந்தது. குறுக்கே அறுத்து நடுப்பகுதியில் ஈரமானியை வைத்தேன். 17 சதவீதம். ரசீதை எடுத்துப் பார்த்தால் ‘தேக்கு’ என்ற சொல்லும் கன அளவும் மட்டும் இருந்தன. எந்தக் காட்டு மரம், எப்படிக் காய்ந்தது, ஒன்றும் இல்லை.

மரம் எங்கே வளர்ந்தது என்று கேட்காத நான், எவ்வளவு காய்ந்திருக்கிறது என்றும் கேட்கவில்லை. இரண்டும் ஒரே அலட்சியம். அதனால் கதவு செய்யும் முறையைச் சொல்லும்போது உளியிலிருந்து தொடங்காமல் ரசீதிலிருந்து தொடங்குகிறேன்.

காகிதத்தைப் படிப்பது

பொறுப்பாக நிர்வகிக்கப்படும் காட்டு மரத்துக்கு உலக அளவில் பரவலாக இருக்கும் சான்றுகள் இரண்டு: 1993-இல் தொடங்கிய எஃப்எஸ்சி, 1999-இல் தொடங்கிய பிஇஎஃப்சி. கடைச் சுவரில் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். அந்தக் கடைக்குச் சான்று இருக்கலாம். நீங்கள் வாங்கும் மரம் சான்று இல்லாத அடுக்கிலிருந்து வந்திருக்கலாம். உங்கள் பெயருக்குப் போட்ட ரசீதில்தான் விஷயம் இருக்கிறது. எஃப்எஸ்சி மரம் என்றால், அந்த வரிக்கு நேரே ‘எஃப்எஸ்சி 100%’ அல்லது ‘எஃப்எஸ்சி மிக்ஸ்’ என்ற வகை இருக்க வேண்டும். கூடவே விற்பவரின் சான்று எண்ணும் இருக்க வேண்டும். சான்றளித்த அமைப்பின் சுருக்கெழுத்து, பிறகு சிஓசி (‘செயின் ஆஃப் கஸ்டடி’ என்பதன் சுருக்கம்), பிறகு ஆறு இலக்கம் என்று அந்த எண் இருக்கும். அதை எஃப்எஸ்சியின் பொதுத் தேடல் தளத்தில் போட்டால், சான்று உயிரோடு இருக்கிறதா, எந்தப் பொருட்களுக்கு, எந்த மர வகைகளுக்கு என்று வந்துவிடும். ஒருமுறை எனக்கு வந்த எண் உண்மையானதுதான், ஆனால் அது வேறொரு நிறுவனத்துடையது. லாரியில் ஏற்றிய மரத்தைத் திருப்பி அனுப்பினேன். அந்த வாரம் பட்டறை சும்மா கிடந்தது. அதற்காக இன்றுவரை வருந்தவில்லை.

புதிதாகத் தொழிலுக்கு வருபவர்கள் தெரியாமல் தவறும் இடம் ஒன்று உண்டு. சான்று பெற்ற மரத்தை வாங்கிவிட்டதாலேயே, நீங்கள் செய்த கதவில் எஃப்எஸ்சி முத்திரை போட்டு விற்க முடியாது. காட்டிலிருந்து கதவு வரை கைமாறும் ஒவ்வொருவருக்கும் ‘செயின் ஆஃப் கஸ்டடி’ சான்று இருக்க வேண்டும். நடுவில் ஒரு கண்ணி அறுந்தாலும் முத்திரை கிடையாது. சிறிய பட்டறைகள் பல சேர்ந்து குழுவாக அந்தச் சான்றைப் பெற வழி இருக்கிறது. அதுவரை வாடிக்கையாளரிடம் ரசீதைக் காட்டி உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

மர வகையையும் பாருங்கள். அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் 1975 முதல் நடைமுறையில் இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்துப் பெரிய இலை மஹாகனி 2003-இல் அதன் இரண்டாம் பட்டியலின்கீழ் வந்தது. ஈட்டி, சிசு மரங்கள் அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் ஏறத்தாழ முழுவதும் 2017-இல் வந்தது. இவை எல்லை தாண்டி வரும்போது அதற்குரிய அனுமதிச் சீட்டு இருந்தாக வேண்டும். ‘எல்லாம் பழைய ஸ்டாக்’ என்ற பேச்சை மட்டும் நம்பி நான் வாங்குவதில்லை.

மரத்தைக் காயவைப்பது

கதவு தொழிலில் முக்கால்வாசிப் புகாருக்குக் காரணம் ஈரம் என்று என் அனுபவத்தில் சொல்வேன். பச்சை மரத்தில் ஈரம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு இறங்கும் வரை மரம் சுருங்காது; செல் உள்ளறையில் இருக்கும் தண்ணீர்தான் போகும். அதற்குக் கீழே செல் சுவரிலிருந்து நீர் இறங்க ஆரம்பித்ததும் சுருக்கம் தொடங்குகிறது. நீளவாக்கில் சுருக்கம் மிகக் குறைவு. மரத்தின் ஆண்டு வளையத்தைத் தொடர்ந்து போகும் திசையில் சுருங்குவது, வளையத்துக்குக் குறுக்கே மையத்தை நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பலகை குவிவதும் சட்டம் முறுக்குவதும் இந்த வித்தியாசத்தால்தான்.

எந்த அளவுக்குக் காய வேண்டும் என்பது கதவு நிற்கப்போகும் இடத்துக் காற்றைப் பொறுத்தது. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் இருக்கும் அறையில் மரம் 9 சதவீதம் அளவில் நிலைகொள்ளும். 65 என்றால் 12. 80 என்றால் 16. கதவு பொருந்தும் இடத்தின் ஆண்டுச் சராசரிக்கு மரத்தைக் கொண்டுவந்துவிட்டால், அப்புறம் ஏறி இறங்குவது கொஞ்சமாகத்தான் இருக்கும். பெரும்பாலும் 8 முதல் 12-க்குள் வேலையைத் தொடங்குகிறேன்.

சூளையில் காய்ந்த மரமே வந்தாலும் பட்டறையில் இரண்டு வாரமாவது அடுக்கிவைக்கிறேன். அடுக்கும்போது பலகைகளுக்கு இடையே ஒரே கனமுள்ள சிறு குச்சிகள், ஒன்றன்மேல் ஒன்று நேர்க்கோட்டில். குச்சி விலகினால் அந்த இடத்தில் பலகை வளைந்தே காயும். ஈரமானியை முனையில் வைக்காதீர்கள். முனை எப்போதும் முந்திக் காய்ந்திருக்கும். ஒரு பலகையைத் தியாகம் செய்து நடுவில் அறுத்து உள்ளே அளந்து பாருங்கள். மானியின் மீதே சந்தேகம் வந்தால் ஒரு துண்டை எடை போட்டு, 103 டிகிரி சூட்டில் எடை குறைவது நிற்கும் வரை வைத்து, மறுபடி எடை போடுங்கள். 56 கிராம் துண்டு 50 கிராமில் நின்றால், குறைந்த 6-ஐ 50-ஆல் வகுத்து 12 சதவீதம்.

சட்டத்தைத் தேர்ந்தெடுப்பது

அடுக்கிலேயே நேரான நார் உள்ள, கணு இல்லாத நீளங்களை நெடுஞ்சட்டத்துக்கு ஒதுக்கிவிடுவேன். முனையைப் பார்த்தால் வளையக் கோடுகள் முகத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். அந்த அறுப்பு குறைவாகவே அசையும். குட்டையான துண்டுகள் குறுக்குச்சட்டத்துக்குப் போகும். அழகான ரேகை உள்ளது, சட்டங்களுக்கு நடுவே வரும் பலகைக்கு. நடுவிலுள்ள கெட்டியான வைரத்தோடு, பட்டையை ஒட்டிய வெள்ளை கலந்திருந்தால் வெளிக்கதவில் அந்த வெள்ளையை அறுத்துத் தள்ளுங்கள். பூச்சியும் பூஞ்சையும் முதலில் அங்கேதான் இறங்கும்.

முழு மரமாகத்தான் நெடுஞ்சட்டம் இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கும் இருந்தது. இப்போது அகலமான கதவுகளுக்கு மூன்று கீற்றுகளை நார் மாற்றி ஒட்டிச் சட்டம் செய்கிறேன். ஒன்றின் இழுப்பை மற்றொன்று பிடித்துக்கொள்கிறது. சிறிய மரமும் மிச்சத் துண்டும் பயன்படுகின்றன. பெரிய மரத்தைத் தேட வேண்டியதில்லை. நன்றாக ஒட்டிய சட்டம் ஒற்றை மரத்தைவிட நேராக நிற்பதை வருடக்கணக்கில் பார்த்துவிட்டேன்.

அறுக்கும்போது ஐந்து மில்லிமீட்டர் கூடுதலாக அறுத்து, சில நாள் சாய்த்து வையுங்கள். மரத்துக்குள் அடங்கியிருந்த இறுக்கம் அறுத்ததும் வெளியே வரும். வளைய வேண்டியது வளைந்த பிறகு இரண்டு முகத்திலும் சமமாக இழைத்து இறுதி அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரே பக்கமாக இழைத்தால் மறுபடி வளையும்.

கழுந்தும் காடியும்

குறுக்குச்சட்டத்தின் முனையில் நாக்குபோல் நீண்டு, நெடுஞ்சட்டத்தின் துளையில் நுழைவதுதான் கழுந்து. நாற்பது மில்லிமீட்டர் கனமுள்ள கதவுக்குக் கழுந்து பதின்மூன்று. கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. அடிக் குறுக்குச்சட்டம் இருநூறு மில்லிமீட்டர் அகலமாக இருந்தால் ஒரே அகலக் கழுந்து போடாதீர்கள். அவ்வளவு நீளத் துளை நெடுஞ்சட்டத்தைப் பலவீனமாக்கும். கழுந்தும் அகலத்தில் சுருங்கித் தளரும். இரண்டாகப் பிரித்து நடுவில் மரம் விடுங்கள். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி, கழுந்து கைத் தள்ளலில் முக்கால் தூரம் போக வேண்டும், மீதிக்குக் கொட்டாப்புளியால் இரண்டு தட்டு போதும் என்பார். அதைவிட இறுக்கினால் பசை முழுக்க வழிக்கப்பட்டு வெளியே வந்துவிடும்.

பலகைக்கு மட்டும் பசை கிடையாது. கணக்கு இதுதான்: தேக்கில் வளையத் திசையில் ஈரம் ஒரு சதவீதம் மாறினால் அகலம் ஏறக்குறைய 0.2 சதவீதம் மாறும். 300 மில்லிமீட்டர் பலகையில் ஈரம் 4 சதவீதம் ஏறினால் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் உப்பும். பலகை உட்காரச் சட்டத்தில் எடுக்கும் பள்ளமான காடியை 12 மில்லிமீட்டர் ஆழம் எடுத்து, பலகையை 9 மட்டும் நுழைத்து, இரு பக்கமும் மூன்று மூன்று விடுகிறேன். ஒட்டிவிட்டால் உப்பும்போது சட்டத்தின் மூட்டைப் பிளக்கும், சுருங்கும்போது பலகையே வெடிக்கும். பலகைக்குப் பூச்சை, கோர்ப்பதற்கு முன்பே விளிம்பு வரை பூசிவிடுங்கள். இல்லாவிட்டால் மரம் சுருங்கும் காலத்தில் ஓரத்தில் வெளிறிய கோடு எட்டிப்பார்க்கும்.

தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. புதிதாக இழைத்த அன்றே, ஒட்டும் இடத்தை அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். வெளிக்கதவுக்கு நீரைத் தாங்கும் டி4 தரப் பசை. கிளாம்ப் போட்டதும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்கிறோம்; அதோடு நிறுத்தாமல், கதவின் இரு முனையிலும் ஒவ்வொரு நேர்க்குச்சியை வைத்து ஒரு கண்ணால் குனிந்து பாருங்கள். குச்சிகள் இணையாகத் தெரியாவிட்டால் கதவு இப்போதே முறுக்கியிருக்கிறது. பசை ஈரமாக இருக்கும்போது திருத்துவது ஒரு நிமிட வேலை.

இதற்கிடையே ஒரு வார்த்தை. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இலேயே வகைப்படுத்திவிட்டது. எங்கள் பட்டறையில் முகக்கவசம் இல்லாமல் யாரும் மெஷினைத் தொடுவதில்லை. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனையுங்கள், அல்லது விரித்துக் காயவிடுங்கள்.

மாட்டுவது

ஆறு பக்கமும் பூச வேண்டும். மேல்விளிம்பும் அடிவிளிம்பும் கண்ணுக்குத் தெரியாததால் விட்டுவிடுகிறார்கள். நெடுஞ்சட்டத்தின் நார் முனைகள் அங்கேதான் திறந்திருக்கின்றன, ஈரம் உறிஞ்சும் வாய் அதுதான். அந்த இரண்டு விளிம்புக்கு மட்டும் ஒரு கோட்டு கூடுதலாகப் பூசுகிறேன். நிலையில் இரு பக்கத்திலும் மேலேயும் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி. பூட்டுப் பக்க விளிம்பை இரண்டு டிகிரி சாய்த்து இழைத்தால் கதவு உரசாமல் மூடும். நல்ல மரத்துக் கதவு நாற்பது கிலோவைத் தாண்டலாம், கீல் மூன்றுக்குக் குறையக்கூடாது.

பூசுவதற்கு முன் கதவின் மேல்விளிம்பில் பென்சிலால் மூன்று விஷயம் எழுதுகிறேன்: மர லாட்டின் ரசீது எண், வேலை தொடங்கிய நாள் ஈர அளவு, தேதி. அதன் மேல் வார்னிஷ். ஏழு வருடம் கழித்து ஒரு வீட்டிலிருந்து, மழைக்காலத்தில் கதவு லேசாக முட்டுகிறது என்று அழைத்தார்கள். ஏணி போட்டு ஏறிப் படித்தேன்: 11 சதவீதம். ஈரமானி இப்போது 14 காட்டியது. முறுக்கு இல்லை, மூட்டுகள் அசையவில்லை, மரம் காற்றோடு கொஞ்சம் உப்பியிருக்கிறது, அவ்வளவுதான். பூட்டுப் பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் இழைத்தேன். இழைத்த விளிம்புக்கு மூன்று கோட்டு பூசிவிட்டு, பழைய தேதிக்குப் பக்கத்தில் புதிய தேதியை எழுதிவிட்டு இறங்கினேன்.