கரும்புகைக்குப் பம்பு ஸ்க்ரூவைத் திருகாதீங்க

காரைக்குடிப் பக்கம் செம்மண் ரோட்டில் ஓடும் டீசல் லாரி கரும்புகை தள்ளினால், பலருக்கும் கை முதலில் டீசல் அளவைக் குறைக்கும் பம்பு ஸ்க்ரூவுக்குத்தான் போகும். டீசல் கூடியதைவிடக் காற்று குறைந்ததே பெரும்பாலும் காரணம்.

என் வண்டியில் ஏர் ஃபில்டர் செம்மண் அப்பி இறுகியிருந்தது. ஃபில்டரைத் தட்டாதீங்க, காகித மடிப்பு கிழியும். காற்றழுத்தம் 2 பாருக்கு மிகாமல் உள்ளிருந்து வெளியே ஊதணும். புதுசு போட்டதும் புகை பாதியானது. ஆனால் லோடோடு ஏற்றத்தில் போகும்போது புகை நிற்கவில்லை.

மீதிக்குக் காரணம் டர்போ–இன்டர்கூலர் ஹோஸ், அதாவது டர்போ அழுத்தித் தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குக் கொண்டுபோகும் குழாய். கிளிப்புக்கு அடியில் நகக்கீறல் அளவு வெடிப்பு. ஐடிலில் (வண்டி நின்றபடி இன்ஜின் மெதுவாக ஓடும்போது) மூடியிருக்கும், அழுத்தம் ஏறினால் வாய் பிளக்கும். சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. இரு முனையையும் அடைத்து 1 பார் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவியதும் நுரை காட்டிக்கொடுத்தது. ஹோஸும் கிளிப்புகளும் மாற்றினேன், புகை நின்றது.

ஐடிலிலேயே கரும்புகை என்றால் இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலைப் பாருங்க. இன்ஜின் ஐடிலில் ஓடும்போதே, நாசிலுக்கு டீசல் வரும் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறுக்கணும். எதைத் தளர்த்தும்போது புகை குறையுதோ, அந்த நாசில்தான் ஒழுகுது. இது பழைய மெக்கானிக்கல் பம்புக்கு மட்டும். உயர் அழுத்த டீசலை ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா நாசிலுக்கும் தரும் காமன் ரெயில் வண்டியில், இன்ஜின் ஓடும்போது நட்டைத் தொடவே கூடாது. அழுத்தம் 1,000 பாரைத் தாண்டக்கூடியது, தோலைத் துளைக்கும்.

ஒழுகும் டீசல் இன்ஜின் ஆயிலில் கலந்து, ஆயில் மட்டம் ஏறி டீசல் வாடை அடித்தால் வண்டியை ஓட்டாதீங்க. நாசிலைச் சரிசெய்து, ஆயிலையும் மாற்றிய பிறகுதான் ஸ்டார்ட்.