டெக்சஸில் பள்ளி தேடுகிறீர்களா? ஏ கிரேடைப் பிரித்துப் பார்க்கும் முறை

டல்லாஸ், ஹூஸ்டன் பக்கம் வீட்டு விளம்பரங்களில் 'ஏ ரேட்டட் ஸ்கூல்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். வாடகையும் அதற்கேற்ப இருக்கும். அந்த ஒற்றை எழுத்தைத் தருவது டெக்சஸ் கல்வி முகமை. அது எப்படி வந்தது என்று நீங்களே பார்த்துவிடலாம். காசு செலவில்லை.

1. முகவரியை உறுதி செய்யுங்கள்

பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்பதை வீட்டு முகவரிதான் முடிவு செய்கிறது. டல்லாஸ் பக்கத்து ஃப்ரிஸ்கோ நகரில் வீடு என்றாலே ஃப்ரிஸ்கோ ஐஎஸ்டி (அதாவது அந்தப் பெயரிலுள்ள பள்ளி மாவட்டம்) என்று எண்ணிவிடாதீர்கள். நகரின் சில பகுதிகள் ப்ராஸ்பர், லிட்டில் எல்ம், லூயிஸ்வில் ஐஎஸ்டிகளில் வருகின்றன. அந்தந்த ஐஎஸ்டி தளத்தில் முகவரியைப் போட்டால் பள்ளியின் பெயர் வந்துவிடும்.

2. மதிப்பெண் அட்டையைத் திறங்கள்

டிஎக்ஸ்ஸ்கூல்ஸ் டாட் கவ் (TXschools.gov) தளத்தில் பள்ளிப் பெயரைத் தேடுங்கள். எந்த ஆண்டின் கிரேடு என்பதையும் கவனியுங்கள். கொரோனாவால் 2020, 2021-இல் கிரேடே கிடையாது. 2023-இல் அளவுகோலை இறுக்கினார்கள்; பள்ளி மாவட்டங்கள் வழக்குப் போட்டதால் அந்த ஆண்டின் முடிவே 2025 ஏப்ரலில்தான் வெளிவந்தது. அதனால் 2022-இல் ஏ, 2023-இல் பி என்றிருந்தால் பள்ளி சரிந்துவிட்டது என்று பதற வேண்டாம்.

3. கிரேடைப் பிரியுங்கள்

முக்கியமான வேலை இதுதான். அட்டையில் மூன்று பகுதிகள்: மாணவர் சாதனை, பள்ளியின் முன்னேற்றம், இடைவெளி குறைப்பு (வெவ்வேறு மாணவர் பிரிவுகளுக்கிடையே உள்ள வித்தியாசத்தைக் குறைப்பது). முதல் இரண்டில் எது அதிகமோ அதற்கு 70 சதவீதம், இடைவெளி குறைப்புக்கு 30 சதவீதம். அந்த இரண்டில் குறைவாக உள்ளது கணக்கிலேயே சேராது.

கற்பனையாக இரண்டு பள்ளிகள். ஒன்றில் சாதனை 94, முன்னேற்றம் 81, இடைவெளி 83. கூட்டினால் 90.7. இன்னொன்றில் சாதனை 76, முன்னேற்றம் 93, இடைவெளி 84. அது 90.3. 90 தொட்டால் ஏ என்பதால் இரண்டுமே ஏ. ஆனால் முதல் பள்ளியில் மாணவர்கள் இப்போதே நன்றாக எழுதுகிறார்கள். இரண்டாவதில் ஓராண்டில் மேலேறியிருக்கலாம், அல்லது அதே அளவு ஏழ்மையுள்ள மற்ற பள்ளிகளைவிட நன்றாகச் செய்திருக்கலாம். முன்னேற்றப் பகுதியில் இவ்விரண்டில் சிறந்ததையே எடுக்கிறார்கள். என்னைக் கேட்டால், ஓராண்டு வளர்ச்சி அதிகமுள்ள பள்ளிக்கே என் ஓட்டு. வசதியான வட்டாரத்தில் சாதனை மதிப்பெண் உயர்வதில் வீட்டு டியூஷனுக்கும் பங்குண்டு.

4. 'மாஸ்டர்ஸ்' சதவீதம்

ஸ்டார் (STAAR) என்கிற மாநிலத் தேர்வில் தேர்ச்சி பெற்றவர்களுக்கு அப்ரோச்சஸ், மீட்ஸ், மாஸ்டர்ஸ் என மூன்று நிலைகள். முதல் நிலை வெறும் தேர்ச்சிதான்; மாஸ்டர்ஸ்தான் உச்சம். கணக்கில் கெட்டியான பிள்ளை என்றால் கணித மாஸ்டர்ஸ் சதவீதத்தைப் பாருங்கள்.

5. கூடுதல் சிறப்புகள்

ஒத்த தன்மையுள்ள 40 பள்ளிகளோடு ஒப்பிட்டு, முதல் கால்பங்கில் வரும் பள்ளிக்குப் பாடவாரியாகச் சிறப்புக் குறி தருவார்கள். கிரேடு சமமாக இருக்கும் இரண்டு பள்ளிகளுக்கிடையே தேர்வு செய்ய இது உதவும்.

6. சின்ன வகுப்புகளுக்கு

ஸ்டார் தேர்வு மூன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. இரண்டாம் வகுப்போடு முடியும் பள்ளிக்குச் சொந்த மதிப்பெண் இருக்காது. இணைக்கப்பட்ட வேறொரு பள்ளியின் மதிப்பெண்ணே அதற்கும் வரும். எந்தப் பள்ளியோடு இணைத்திருக்கிறார்கள் என்று அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.