காராமணி, துவரையில் வண்டு விழாமல் எண்ணெய் பூசி வைப்பது எப்படி?

வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் மானாவாரியில் துவரை, காராமணி, மொச்சை எடுப்பவர்கள் வீட்டில் தை, மாசியில் மூட்டை நிறைந்திருக்கும். வைகாசி வருவதற்குள் பாதிப் பயறில் ஓட்டை. எங்கள் வீட்டில் இதை நிறுத்தியது கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய்தான். வண்டைக் கொல்ல மூட்டையில் போடும் விஷ மாத்திரையை (அலுமினியம் பாஸ்பைடு) மட்டும் வீட்டுக்குள் வைக்காதீர்கள். அதன் புகை ஆளையே கொன்றுவிடும்.

முதலில் பயறை நன்றாகக் காயவையுங்கள். பல்லில் வைத்துக் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும். அப்புறம் நிழலில் ஆறவிடுங்கள்.

அடுத்த வேலையைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு கைப்பிடி பயறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பயறு வண்டு வயலிலேயே, முற்றிய காயின் மேல் முட்டை வைக்க ஆரம்பித்துவிடும். வீட்டுக்கு வந்தபின் பயறின் தோலிலேயே ஒட்டி வைக்கும். கடுகைவிடச் சின்னப் புள்ளி. நிறமில்லாமல் பளபளத்தால் இன்னும் பொரியவில்லை. எண்ணெய் அதை மூடி, காற்றுப் போகாமல் அடைத்துக் கொன்றுவிடும். வெள்ளை வெளேரென்று இருந்தால், புழு முட்டையின் அடிப்பக்கமாகவே துளைத்துப் பயறுக்குள் போய்விட்டது. அதற்குமேல் எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் உள்ளே எட்டாது. முட்டை பொரிய ஒரு வாரம்கூட ஆகாது. ஆகவே அடித்து, தூற்றி, காயவைத்த கையோடு பூசிவிட வேண்டும்.

வெள்ளைப் புள்ளி நிறைய இருக்கிறதா? கறுப்புத் தார்ப்பாயில் பயறை மெல்லிசாகப் பரப்பி, மேலே கண்ணாடித் தாள் போர்த்தி, நாலு ஓரமும் கல் வைத்து உச்சி வெயிலில் விடுங்கள். உள்ளே 60 டிகிரி சூடு ஒரு மணி நேரம் நின்றால் புழுவும் செத்துவிடும். பங்குனி வெயிலில் வேலூரில் இது சுலபம். ஆறியபின் எண்ணெய்.

எந்த எண்ணெய்? சமையலுக்கு வைப்பதற்கு என் தேர்வு விளக்கெண்ணெய். கடலை எண்ணெயும் கேட்கும், ஆனால் நாள்பட்டால் சிக்கு வாடை வரும். வேப்பெண்ணெய் விதைக்கு மட்டும். அது உள்ளுக்குப் போகக் கூடாது. அளவு கிலோவுக்கு 5 மில்லி. இருமல் மருந்து மூடியில் கோடு போட்டிருக்கும், அதில் அளந்தால் போதும். விதைக்கு அளவு மீறி ஊற்றினால் முளைப்பு குறையலாம்.

மொத்தப் பயறின் மேலும் நேராக ஊற்றாதீர்கள், அங்கங்கே திட்டாக நின்றுவிடும். பூசாத பயறு ஒவ்வொன்றும் வண்டுக்கு இடம். இரண்டு கைப்பிடியை அகலமான அன்னக்கூடையில் போட்டு, எண்ணெய் முழுவதையும் அதில் ஊற்றி உள்ளங்கையால் தேயுங்கள். எல்லாம் மினுமினுத்ததும் மீதிப் பயறைச் சேர்த்துப் புரட்டுங்கள். ஒரு தடவைக்கு 5 கிலோ போதும். சாக்கில் போட்டுக் குலுக்குவது சரிப்படாது.

அப்புறம் மூடி இறுகும் தகர டின். பழைய சாக்கின் மடிப்பில் வண்டு ஒளிந்திருக்கும், வேண்டாம். சமைக்கும்முன் வெந்நீரில் கழுவிக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை: அரிசிக்கும் பூசலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். அரிசி வண்டு மணியைத் துளைத்து, உள்ளே முட்டை வைத்து, வாயை அடைத்துவிடும். மேலே பூசுகிற எண்ணெய் அந்த முட்டையைத் தொடாது. நெல்லாகவே வைத்திருந்து, வேண்டியபோது கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துக்கொள்ளுங்கள். உமி இருக்கும்வரை வண்டுக்கு அது அவ்வளவு லேசில் இடம் கொடுக்காது.