மாத்திரை தொண்டையில் இறங்கவில்லையா?

மாத்திரையை வாயில் போட்டதும் அண்ணாந்து தண்ணீரை ஊற்றிக்கொள்வது பலருக்குப் பழக்கம். கேப்ஸ்யூலுக்கு அதுவே வினை. கேப்ஸ்யூல் தண்ணீரில் மிதக்கும். தலையைப் பின்னால் சாய்த்தால் அது பல் பக்கமாக வந்துவிடும், தண்ணீர் மட்டும் உள்ளே போகும். தலையைக் குனிந்தால் கேப்ஸ்யூல் தானாகத் தொண்டைப் பக்கம் மிதந்து போகிறது. நாக்கில் வைத்து, ஒரு மடக்குத் தண்ணீரை வாயில் நிறுத்தி, மோவாயை நெஞ்சை நோக்கி இறக்கி, குனிந்தபடியே விழுங்குமாறு நீங்கள் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லுங்கள்.

கனமான மாத்திரைக்கு வேறு வழி. அமுக்கினால் ஒடுங்கும் மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் நிரப்புங்கள். மாத்திரையை நாக்கில் வைத்து, பாட்டில் வாயை உதடுகளால் இறுக்கிக் கவ்வி, காற்று புகாமல் உறிஞ்சி உடனே விழுங்க வேண்டும். பாட்டில் உள்நோக்கி ஒடுங்கினால் சரியாகச் செய்கிறார் என்று பொருள். ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பாட்டில் முறை சுமார் 60 சதவீத முயற்சிகளிலும், குனியும் முறை சுமார் 89 சதவீத முயற்சிகளிலும் விழுங்குவதை எளிதாக்கின.

இரண்டுமே விழுங்கும் திறன் நன்றாக இருந்தும் மாத்திரைக்கு மட்டும் தடுமாறுபவர்களுக்குத்தான். வெறும் தண்ணீருக்கே புரையேறுகிறதா, குடித்தபின் குரல் நீர் கோத்ததுபோல் கரகரக்கிறதா, பக்கவாதம் வந்தவரா? பாட்டில் முறை வேண்டவே வேண்டாம். மருந்து நுரையீரலுக்குள் போகலாம். முதலில் மருத்துவரோ, பேச்சுக்கும் விழுங்குவதற்கும் பயிற்சி தரும் ஸ்பீச் தெரபிஸ்டோ விழுங்கும் திறனைப் பார்க்கட்டும்.

யாராக இருந்தாலும் படுத்தபடி கொடுக்காதீர்கள். நிமிர்ந்து உட்காரவைத்து, வாய் உலர்ந்திருந்தால் முதலில் ஒரு மடக்குத் தண்ணீர் கொடுங்கள். உலர்ந்த நாக்கில் மாத்திரை ஒட்டிக்கொள்ளும். ஒரு நேரத்தில் ஒன்று. விழுங்கியபின் கன்னத்தின் உட்புறத்தையும் பாருங்கள், அங்கே ஒதுங்கிக் கிடப்பது சகஜம். கிருமிக்கொல்லியான டாக்சிசைக்ளின், எலும்புத் தேய்மானத்துக்கான அலெண்ட்ரோனேட் போன்றவை உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாக்கிவிடும். இவற்றுக்கு ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர், பிறகு குறைந்தது 30 நிமிடம் படுக்கக் கூடாது. அவ்வளவு தண்ணீர் குடிக்க முடியாதவருக்கு மாற்று மருந்து கேட்பதுதான் சரி.

அடுத்து பொடிப்பது. பலரும் முதலில் கையில் எடுப்பது இடிகல்லைத்தான். அது கடைசியாக வர வேண்டியது. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., ஈ.ஆர்., சி.ஆர். என்று இருந்தால் அது மெல்ல மெல்ல மருந்தை விடும் மாத்திரை. பொடித்தால் பல மணி நேரத்துக்கான அளவு ஒரேயடியாக உடலில் ஏறும். ரத்த அழுத்த மருந்தாக இருந்தால் அழுத்தம் சட்டென்று சரியும், வலி நிவாரணி மார்ஃபினாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் போன்றவற்றின் மேல்பூச்சு வயிற்று அமிலத்திலிருந்து மருந்தைக் காக்கிறது. பூச்சு போனால் மருந்தும் வீண். மூட்டுவாதத்துக்கும் புற்றுநோய்க்கும் தரும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளின் தூள் பொடிப்பவருக்கே கெடுதல், கர்ப்பிணிகள் அருகிலும் போகக் கூடாது. மாத்திரையின் நடுவில் கோடு இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம்: அது இரண்டாக உடைக்கலாம் என்பதற்குத்தான், தூளாக்கலாம் என்பதற்கல்ல. பெயரில் எந்த எழுத்தும் இல்லாத மாத்திரையையும் மருந்தாளுநரைக் கேட்காமல் பொடிக்காதீர்கள்.

பொடிக்கலாம் என்று அவர் சொன்னால், கொடுக்கும் நேரத்தில் மட்டும், ஒவ்வொன்றாக நைசாகப் பொடியுங்கள். மசித்த பழம் போன்ற மென்மையான உணவில் ஒரு ஸ்பூன் எடுத்துக் கலந்தால் போதும். கிண்ணம் நிறையக் கலந்துவிட்டு, சாப்பிடுபவர் பாதியில் போதும் என்றால், எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. சூடான உணவு கூடாது. பாலும் தயிரும் எல்லாவற்றுக்கும் ஒத்துவராது. கிருமிக்கொல்லியான சிப்ரோஃப்ளாக்சசின், தைராய்டுக்கான தைராக்சின் இரண்டையும் அவை சரியாக உறிஞ்சவிடாது. கலந்திருப்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள், சாப்பாட்டில் ஒளித்துக் கொடுப்பது நம்பிக்கையைக் கெடுக்கும்.

சிரப், தண்ணீரில் கரையும் மாத்திரை, தோலில் ஒட்டும் பட்டை என்று பல மருந்துகளுக்கு வேறு வடிவம் உண்டு. ஆனால் மாத்திரையின் மில்லிகிராமை அப்படியே சிரப்புக்கு மாற்றிக்கொள்ளாதீர்கள். வலிப்புக்கான ஃபெனிட்டாயினில் 100 மில்லிகிராம் கேப்ஸ்யூலும் 100 மில்லிகிராம் சிரப்பும் ஒன்றல்ல. அளவை மருத்துவர்தான் திருத்தித் தர வேண்டும்.