நாய்க்கு உண்ணி மருந்து விடுறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாத்துக்கோங்க

வெயில் ஏற ஏற நாயோட காது மடிப்புலயும் விரல் இடுக்குலயும் உண்ணி அப்பிக்கும், உடனே கடைக்கு ஓடி ஒரு ஸ்பாட்-ஆன் (தோல்ல விடுற சொட்டு மருந்து) வாங்கி முதுகுல ஊத்திடுறோம். மருந்து நல்ல மருந்துதான், ஆனா எந்த நாய்க்கு எவ்ளோன்னு பாக்காம ஊத்துறதுலதான் பிரச்சனையே வருது.

முதல்ல எடை. ஃபிப்ரோனில்ங்கிற உண்ணி மருந்து அடைச்சு வர்ற சின்ன குழாய், அதாவது பைப்பெட்லாம் பெரும்பாலும் 10 கிலோ வரைக்கும், 10-20, 20-40, 40-60னு தனித்தனியா வருது. மிச்சம் பண்ணலாம்னு பெரிய பைப்பெட்ட வாங்கி ரெண்டு சின்ன நாய்க்குப் பாதி பாதியா பிரிக்காதீங்க, அளவு தப்பிடும். 8 வாரத்துக்குக் கம்மியான குட்டி, சினை நாய், பால் குடுக்குற நாய், உடம்பு சரியில்லாத நாய் இதுக்கெல்லாம் டாக்டர கேக்காம எதுவும் விடாதீங்க.

அடுத்தது, வீட்ல பூனை இருந்தா மருந்து அட்டையில பெர்மெத்ரின்னு (இதுவும் உண்ணிய கொல்ற மருந்துதான்) இருக்கான்னு ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாருங்க. நாய் உடம்பு அதத் தாங்கும், பூனையோட கல்லீரலால அத உடைச்சு வெளியேத்த முடியாது, நாய் மேல ஒட்டிப் படுத்தாலோ நக்குனாலோ கூட காது துடிக்க ஆரம்பிச்சு உடம்பு பூரா நடுங்கி வலிப்பு வரைக்கும் போகும், உயிரே போயிடலாம். பூனை வளக்குற வீட்ல அந்த மருந்தே வேணாம்னுதான் நான் சொல்லுவேன். முயல் இருந்தா ஃபிப்ரோனிலும் ஆகாது.

விடும்போது நாய நிக்க வெச்சு, ரெண்டு தோள்பட்டைக்கு நடுவுல முடிய விலக்குங்க, வெள்ளையா தோல் தெரியணும், பைப்பெட் நுனி தோல்ல படுற மாதிரி வெச்சு அழுத்துங்க. முடி மேலயே விட்டா வழிஞ்சு வீணாத்தான் போகும். வாய் எட்டாத இடமா இருக்கணும், புண்ணு, சொறி இருக்குற இடத்துல வேணாம். காயுற வரைக்கும் பசங்கள தடவ விடாதீங்க, அடுப்பு, விளக்கு பக்கமும் விடாதீங்க, சீக்கிரம் தீப்பிடிக்கிற திரவம் அதுல இருக்கு. கைய சோப்பு போட்டுக் கழுவிடுங்க.

முன்னாடி 2 நாள், பின்னாடி 2 நாள் குளிப்பாட்ட வேணாம். மருந்து தோலோட எண்ணெய்லதான் பரவும், ஷாம்பு போட்டா அந்த எண்ணெயே போயிடும். மறுநாளும் உண்ணி தெரியுதேன்னு இன்னொரு டோஸ் விட்றாதீங்க, சாகவே 48 மணி நேரம் கூட ஆகலாம், செத்தும் ஒட்டிக்கிட்டே இருக்கும். மாட்டுக்குத் தெளிக்கிற மருந்த தண்ணில கலந்து நாய்க்கு ஊத்துறத தயவு செஞ்சு விட்டுடுங்க, அளவு கொஞ்சம் கூடினாலே நாய் தாங்காது.

விட்ட மருந்த நாய் நக்கிட்டா நுரை நுரையா எச்சில் வடியும், அது பெரும்பாலும் கசப்புக்குத்தான், தண்ணி குடுங்க, வாந்தி எடுக்க வைக்காதீங்க. ஆனா நடுக்கம், தள்ளாட்டம், ஓயாத வாந்தி, விட்ட இடம் செவந்து வீங்குறதுன்னு ஏதாவது தெரிஞ்சா உடனே டாக்டருக்கு போன் போடுங்க. வலிப்பு இல்லாம முழிச்சு இருந்தா வெதுவெதுப்பான தண்ணில பாத்திரம் கழுவுற சோப்பு போட்டுக் கழுவிட்டுக் கிளம்புங்க, வலிப்புன்னா கழுவிட்டு நிக்காதீங்க, அப்படியே தூக்கிட்டு ஓடுங்க. மருந்து அட்டையையும் கையோட எடுத்துட்டுப் போங்க, என்ன மருந்து எவ்ளோன்னு டாக்டர் முதல்ல அதத்தான் கேப்பாரு.